காலுக்கு 60 வெள்ளியா?



கெடாவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 23 ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். அதே தோட்டத்தில் இப்போது செம்பனை வந்துவிட்டதால் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம். சுங்கைப் பட்டாணியில் வேலை பார்க்கும் மகள், "இந்தக் காலோட மணவறையில ஏறி நிக்காதீங்கம்மா, அழகு நிலையத்துக்கு வாங்க, நான் காசு கட்டுறேன்" என்கிறாளாம். காலை ஊற வைத்துத் தேய்த்து, நகம் வெட்டி, சாயம் பூசிவிட 60 வெள்ளி. "60 வெள்ளியைக் காலில் கொட்டலாமா டீச்சர்? வீட்டிலேயே செய்துகொண்டால் ஆகாதா?" என்று கேட்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. வாரம் 6 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மாலை வரை குனிந்து நிமிர்ந்து பொறுக்கிய ஒரு நாள் பாடு அந்த நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். மகள் கட்டினாலும் அது உழைத்த காசுதானே!

ஆனால் காசு கூடுதல் என்று சொல்லி இந்தக் கேள்வியை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடக்கும்போது நான் கவனித்திருக்கிறேன். வெளிக்காட்டில் வேலை செய்யும் தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். புடைவை கட்டியவர்கள் கொசுவத்தை இறக்கி மூடிக்கொள்வார்கள். பிள்ளை பரிசு வாங்கும்போது மேடைக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். கேட்டால், "நீங்களே குடுத்துடுங்க டீச்சர்" என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த கால்கள் அவை. அதை மூடி மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், 60 வெள்ளி கொடுத்தாவது சரிசெய்யலாம் என்று ஒரு மகள் நினைப்பதில் தவறு என்ன?

சரி, அந்த 60 வெள்ளிக்கு அங்கே என்னதான் செய்கிறார்கள்? வெந்நீரில் உப்போ சோப்போ போட்டு 10, 15 நிமிடம் ஊற வைப்பார்கள். ஊறிய குதிகாலை ராவுவார்கள். நகத்தை வெட்டி, நகக்கண்ணில் உள்ள தோலைத் தள்ளுவார்கள். களிம்பு தடவி நீவிவிட்டு, கடைசியில் சாயம் பூசுவார்கள். இதில் வீட்டில் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று கால் பளிச்சென்று இருக்கும். ஆனால் மறு வாரமே பழையபடி சிலிப்பரை மாட்டிக்கொண்டு நடந்தால் சில வாரங்களில் வெடிப்பு திரும்பி வந்துவிடும்.

ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பித்த வெடிப்பு என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் பித்தம் ஏறிவிட்டது என்று கஷாயம் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலுக்கு எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. உள்ளங்காலில் வேர்வைச் சுரப்பிதான் இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அதற்கு மேல் நாள் முழுக்க நின்று வேலை செய்தால் உடம்பின் பாரம் குதிகாலில் இறங்குகிறது. பின்பக்கம் திறந்த சிலிப்பரில் குதிகால் சதை இரண்டு பக்கமும் பிதுங்குகிறது. காய்ந்து தடித்த தோல் அதோடு சேர்ந்து விரிய முடியாமல் வெடிக்கிறது. தோல் தடிப்பதே உள்ளே இருக்கும் சதையைக் காப்பாற்றத்தான். அதை ஒரே நாளில் மொழுமொழுவென்று சீவி எடுத்தால் கால் நோகும், மறுபடியும் தடிக்கும். ஆகவே ஒரு நாளில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் 10 நிமிடம் செய்வதுதான் குதிகாலுக்குப் பிடிக்கும்.

வீட்டு முறை இதுதான். வேலை விட்டு வந்து குளிக்கும்போது காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரல் இடுக்கை மறக்க வேண்டாம். இனிப்பு நீர் இல்லாதவர்கள் வாரத்தில் இரண்டு நாள், வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைத்திருந்து, பசார் மாலாமில் விற்கும் குதிகால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். ஒரே பக்கமாகத் தேய்த்தால் போதும், பாத்திரம் விளக்குவது போல வேண்டாம். பிறகு துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, பழைய பருத்திக் காலுறையை மாட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

தோல் மிகவும் தடித்தவர்கள் மருந்துக் கடையில் யூரியா களிம்பு என்று கேட்டு வாங்கலாம். யூரியா என்றதும் சிரிக்காதீர்கள். உரம் போடப் போகும் சகோதரிகள் வாளியில் அள்ளி வீசுகிறார்களே, அதே பொருள்தான். மருந்துக்கென்று சுத்தம் செய்து, 100 பங்கில் 10 முதல் 25 பங்கு வரை களிம்பில் கலந்திருப்பார்கள். அது தோலில் தண்ணீரைப் பிடித்து வைத்து, தடிப்பை இளக்கும். அதற்காக ஸ்டோரில் இருக்கும் மூட்டையை அவிழ்த்து வாளியில் கரைத்துவிடாதீர்கள்! ரத்தம் கசியும் வெடிப்பில் இந்தக் களிம்பும் எரியும். அது ஆறும் வரை வாசலினே நல்லது.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, வெடிப்பில் பசை ஒட்டுவது, கால் ஆணியைச் சவரப் பிளேடால் சீவுவது, இதெல்லாம் போதும், விட்டுவிடுங்கள். மருதாணி வைப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் திறந்த புண்ணில் வேண்டாம்.

ரப்பர் பூட்ஸ் போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. குதிகால் காய்வதற்குப் பதிலாக விரல் இடுக்கு அழுகுகிறது. சேற்றுப்புண் ஒரு காளான் கிருமி. குளோட்ரிமசோல் களிம்பு போட்டால் ஆறும். அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடுகிறோமே, அதனால்தான் அது அடிக்கடி திரும்பி வருகிறது. தோல் சரியான பிறகும் 2 வாரம் போட வேண்டும். பூட்ஸை இரவில் உதறித் துடைத்து, காற்றுப் படும்படி கவிழ்த்து வையுங்கள். வெடித்த காலோடு தேங்கிய நீரில் நடப்பதும் ஆபத்து. எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தோலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போகிறது. எலிக் காய்ச்சல் செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்குப் புதிதல்ல.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100 பேரில் 31 பேர். நம் லயத்துக் கணக்கில், மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர் என்று வையுங்கள். அவர்களில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது.

இந்த நோய் நாள்பட்டால் காலின் நரம்பு மரத்துப் போகிறது. சுடுநீர் சுடுவதும் தெரியாது, முள் குத்துவதும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் சின்னக் கீறல்கூட ஆற மாட்டாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, நேரில் பார்ப்பது வேறு. என்னிடம் படித்த ஒரு மாணவியின் தாயார், தம் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பட்டணத்தில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனார். கட்டை விரலுக்குப் பக்கத்தில் பழைய கால் ஆணி ஒன்று. வேலை செய்த பெண் அதைப் பிளேடால் சீவி எடுத்திருக்கிறார். அம்மாவுக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் சந்தோஷப்பட்டார். மேலே சாயமும் பூசியாயிற்று. நான்காம் நாள் செருப்பில் ஈரத்தைப் பார்த்துத்தான் மகளுக்குத் தெரிந்தது. கல்யாண வேலையில் இன்னும் இரண்டு நாள் ஓடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டை விரலை எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அந்த அம்மா காலைப் பற்றிப் பேசவில்லை. "இனிமே சிலிப்பர் காலில் நிக்காது டீச்சர், வேலைக்கு எப்படிப் போறது?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கடைப் பெண் இனிப்பு நீர் உண்டா என்று கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. 60 வெள்ளி வாங்கும் இடத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான். இனிப்பு நீர் உள்ளவர்கள் அழகு நிலையத்தில் காலைக் கொடுக்க வேண்டாம். வீட்டிலும் ஊற வைக்க வேண்டாம். தண்ணீர் எவ்வளவு சூடு என்று முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கழுவித் துடைத்தால் போதும். நகத்தை ஓரம் குடையாமல் நேராக வெட்டுங்கள். கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது, அதையும் ஒட்டாதீர்கள். கால் ஆணி இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே கட்டணம் 1 வெள்ளி. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வருஷத்தில் ஒரு தடவையாவது இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கெடாச் சகோதரி தமக்கு அந்த நோய் இல்லை என்று எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் ரத்தத்தைச் சோதித்து உறுதி செய்துகொள்ளட்டும். இல்லையென்றால், மகள் ஆசைப்பட்டு அழைக்கிறாள், ஒரு முறை போய்விட்டு வரலாம் என்பது என் கருத்து. ஆனால் தொட்டியைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே கடைக்குப் போன 100க்கு மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டி கட்டியாகப் புண் வந்தது. நீரைச் சுழற்றும் தொட்டியின் சல்லடைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் அடைந்து, அதில் கிருமி வளர்ந்திருந்தது. முதல் நாள் காலில் முடி மழித்துவிட்டுப் போனவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. ஆகவே சாதாரணப் பேசினில் புதுத் தண்ணீர் ஊற்றும் கடையே மேல். நகவெட்டியை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். பிளேடை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நகக்கண் தோலையும் வெட்ட வேண்டாம், கிருமி நுழையாமல் அடைத்து வைத்திருப்பதே அதுதான். மீன் கடிக்கிற தொட்டிகளும் பேரங்காடிகளில் வந்தன. பலருடைய காலைக் கடித்த அதே மீன்தான் உங்களையும் கடிக்கிறது. மீனைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியுமா?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தக் கடையில் களிம்பைவிட விலை கூடியது, அம்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான். யாரோ ஒருவர் அவர் காலைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்கிறார். வீட்டில் நமக்கு அந்த அரை மணி நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? உலை கொதிக்கிறது, துணி ஊறுகிறது. பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நீங்கள் தண்ணீர் கொண்டு வாருங்கள். அப்பாவின் காலையும் சேர்த்துப் பாருங்கள், ஆண்கள் தாங்களாகக் காட்ட மாட்டார்கள்.

சென்ற தவணையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாத்தா அல்லது பாட்டியின் உள்ளங்காலைப் பார்த்து, கண்டதை ஐந்து வாக்கியத்தில் எழுதி வர வேண்டும். வயதானவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, பிள்ளைகளுக்குக் கண் கூர்மை. "பாட்டியின் கால் கறுப்பு", "பாட்டிக்குக் கூச்சம் வந்தது" என்றெல்லாம் எழுதி வந்தார்கள். ஒரு பையன் மூன்றாவது வாக்கியமாக, "பாட்டியின் காலில் மட்டை முள் உள்ளது, பாட்டிக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தான். மதியமே அவன் தாயாருக்குப் போன் செய்தேன். மறுநாள் பாட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் முள்ளை எடுத்து, ரத்தத்தையும் சோதித்தார்கள். பாட்டி இப்போது இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பார்ப்பது அந்தப் பையனின் வேலையாகிவிட்டது.