ஒரே அமுக்கலில் மாவட்டம் மாறுமா?

"ஒரே அமுக்கலில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் சார்" என்பது இளைஞர் கட்சி. "வரி வரியாகத் தட்டினால்தான் சுத்தம்" என்பது நம் வயதுக்காரர் கட்சி. இரண்டையும் நான் ஒப்பமாட்டேன்.

எங்கள் பென்ஷனர் சங்க முகவரிப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் இந்தப் பக்கம் வந்தன. உத்திரமேரூரும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரத்திலேயே நின்றன. 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் உத்திரமேரூர்க்காரரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் குடிவந்துவிடுவார். கையால் தட்டினாலோ நூறாவது வரியில் கண் சொக்கும், ஓர் எழுத்து விடுபடும்.

புரோகிராமர்களிடம் நல்ல வழி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற இலவச எடிட்டரில் பட்டியலைத் திறந்து, ஒரு வரியில் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-டி அமுக்குங்கள். அடுத்து அதே சொற்கள் வரும் இடத்திலும் ஒரு கர்சர் நிற்கும். உத்திரமேரூர் வரி வந்தால் கன்ட்ரோல்-கே, உடனே கன்ட்ரோல்-டி. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கடைசியில் 'செங்கல்பட்டு மாவட்டம்' என்று ஒருமுறை தட்டினால், கர்சர் நிற்கும் வரிகளில் எல்லாம் அது விழும்.

இதைச் சோம்பேறி வேலை என்பவர்களுக்குச் சொல்கிறேன்: தட்டுவது கம்ப்யூட்டர், தீர்மானிப்பது நீங்கள். ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுகிறீர்கள். இதைவிடச் சிரத்தை எது?

ஆதாரில் ஒரு மாவட்டம், பென்ஷன் புத்தகத்தில் இன்னொரு மாவட்டம் என்றால், வெயிலில் அலையப்போவது நாம்தான்.