கிழமைத் தவணையும் போக வருமானமும்



கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் கோழிக்கூட்டின் பின்னாலிருந்து அந்த அக்கா வந்தார். "தங்கச்சியே? நான் லோன்காரப் பொடியனெண்டு நினைச்சிட்டன்" என்றார். அன்று அவருக்குத் தவணை நாள்.

யுத்தத்தில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர் சொந்த வளவிலேயே ஒளிக்கும் நிலை ஏன் வந்தது?

2009இல் யுத்தம் முடிந்து மக்கள் மீளக்குடியமர்ந்தபின் வன்னிக்கு வீதிகள் வந்தன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வந்தன. பெண்களுக்கு மாதச் சம்பளம் தரும் வேலைகள் அந்தளவுக்கு வரவில்லை. இன்றும் நாம் நெல்லையும் மீனையும் கூலியையுமே நம்பியிருக்கிறோம். காலபோக நெல் மாசி, பங்குனியில்தான் கைக்கு வரும். வரவு போகத்துக்குப் போகம், தவணையோ கிழமைக்குக் கிழமை. நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப இரண்டாவது கடன், அதை அடைக்க மூன்றாவது.

வட்டிக் கணக்கையும் பாருங்கள். 50,000 ரூபாவுக்கு முழுத்தொகை மீது 24 வீதம் என்றால் வருட வட்டி 12,000 ரூபா. 52 கிழமைக்கும் ஏறக்குறைய 1,192 ரூபா கட்டவேண்டும். முதல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி குறைவதில்லை. அதனால் உண்மையான வட்டி 40 வீதத்தையும் தாண்டுகிறது.

2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசாங்கம் முன்வந்தது. ஆனால் 2021இல் உரத் தடையால் விளைச்சல் விழுந்தது. 2022இல் சாமான் விலை ஏறியது. நான் சந்தித்த பலர் மறுபடியும் கடன் எடுத்திருந்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். குழுவாகக் கடன் எடுத்தால் ஒருவருக்கொருவர் துணை என்று கூட்டங்களில் நானும் பேசியவள். சமூகவியலில் அதைச் 'சமூக மூலதனம்' என்று படித்தோம். ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்றானபோது அயலட்டை உறவுதான் முறிந்தது. அந்த அக்காவோடு பக்கத்து வீட்டார் இப்போது கதைப்பதில்லை.

ஆகவே கையொப்பம் வைக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வட்டி முழுத்தொகைக்கா, மீதித் தொகைக்கா? மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும்? அறுவடைக்குப் பின் கட்ட வழியுண்டா? ஊரிலுள்ள சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலும் இதையே விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே கடன்பட்டிருந்தால் ஒளிக்காதீர்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எடுத்தது, கட்டியது, மீதி என்று எழுதுங்கள். நானும் அந்த அக்காவும் அன்று திண்ணையிலிருந்து அதைத்தான் செய்தோம்.