பட்டா யார் கையில்?

"அண்ணே, சந்தையைத் தெறந்து விட்டாத்தான் சோறு கிடைக்கும்னு சொல்றாங்களே, நெசந்தானா?" சங்கக் கூட்டங்களில் நம்மை இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கதவைத் திறந்தவர்கள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தாலே போதும்.

வியட்நாம், லாவோஸ், கம்போடியா. மூன்றும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாடுகள். போரில் வெந்த நாடுகள். அங்கும் நம்மைப் போல் பால்மரத்தில் ரத்தம் சிந்தியவர்கள் இருந்தார்கள். வியட்நாமின் ஃபூ ரியெங் ரப்பர்த் தோட்டத்தில் 1930-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது சரித்திரம்.

1986 கடைசியில் வியட்நாமும் லாவோசும் ஒரு மாத இடைவெளியில் சந்தைப் பாதைக்குத் திரும்பின. கம்போடியா 1989-இல் கூட்டுப்பண்ணையைக் கைவிட்டது. மூன்றும் அன்று பரம ஏழைகள். ஆனால் 2023-இல் வியட்நாமின் ஆள்வாரி உற்பத்தி சுமார் 4,300 அமெரிக்க டாலர். லாவோசில் ஏறக்குறைய அதில் பாதிதான். ஏன் இந்த வித்தியாசம்?

வியட்நாமுக்குக் கடலும் துறைமுகமும் உண்டு, லாவோசுக்கு இல்லை. அது ஒரு காரணம். ஆனால் வியட்நாம் முதலில் செய்த காரியத்தைக் கவனியுங்கள். 1988-இல் கூட்டுறவு வயல்களைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அதுவரை அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு, மறு வருஷமே 10 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது! 1993 சட்டப்படி நிலத்தைப் பிள்ளைக்கு விடலாம், அடகு வைத்துக் கடன் வாங்கலாம். மரப்பயிருக்கு 50 ஆண்டு உரிமை.

அங்கே எல்லாம் சர்க்கரை என்று நாம் சொல்லவில்லை. தொழிற்பேட்டைக்கு நிலத்தை இழந்த குடியானவர்கள் அங்கும் தெருவுக்கு வந்து போராடியிருக்கிறார்கள். ஆனாலும் முதல் பிடி உழுதவன் கைக்குப் போனது.

கம்போடியாவில் நடந்தது வேறு. போல் பாட் ஆட்சி (1975-79) சொத்துரிமையையே ஒழித்துவிட்டது. பட்டா இல்லாத ஜனங்களின் தலைக்கு மேல் 2001 நிலச் சட்டம் வந்தது. ஒரு கம்பெனிக்கு 10,000 ஹெக்டர் வரை, 99 ஆண்டு வரை குத்தகை! ரப்பரும் கரும்பும் வந்தன. பல கிராமத்தார் தங்கள் மண்ணிலேயே கூலிகளானார்கள். 2012-இல் அரசே புதிய குத்தகைகளை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதே நாட்டில் துணி ஆலைப் பெண்களைப் பாருங்கள். 1997-இல் மாதம் 40 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 208 டாலர். சும்மா வந்ததா? 2014 ஜனவரி வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, குறைந்தது நான்கு பேர் செத்தார்கள். தோட்டத்துக் கூலிக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

லாவோஸ் கடன் வாங்கி அணைக்கட்டும் ரயில் பாதையும் போட்டது. ரயில் 2021-இல் ஓடியது. 2023 தொடக்கத்தில் விலைவாசி 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. இளவட்டங்கள் மீகோங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்கு வேலை தேடிப் போகிறார்கள்.

ஆக, சந்தை தெய்வமும் அல்ல, பிசாசும் அல்ல. அது வரும்போது நம் கையில் பட்டாவும் பக்கத்தில் சங்கமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இது நமக்குப் புதுப் பாடம் அல்ல. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது மூட்டை முடிச்சோடு லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நம்மவர்கள். அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள்.

தோழர்களே, இனி சம்பளப் பேச்சு என்று உட்கார்ந்தால் வீட்டுப் பட்டாவையும் சேர்த்தே பேசுவோம். தோட்டம் கைமாறிய பிறகு பேசி என்ன பிரயோசனம்?