மருதமுனையில் ஒரு மச்புஸ்

நோன்புக் காலத்தில் மருதமுனைக்குச் சென்றிருந்தபோது என் மாமி மகளின் வீட்டில் நோன்பு துறக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்து, மஃரிப் தொழுகையின் பின்னர் பாயின் நடுவே சகன் வந்து அமர்ந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில் நான் எதிர்பார்த்தது புரியாணியை. வந்திருந்ததோ மச்புஸ். குவைத் மக்கள் தம் வீட்டு உணவென்று உரிமையோடு சொல்லும் இறைச்சிச் சோறு.

அதன் உயிர் கறுத்து உலர்ந்த எலுமிச்சையில் இருக்கிறது. லூமி என்பார்கள். அது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கடையில் வாங்கியதல்லவாம். நம்மூர்த் தேசிக்காயை உப்பு நீரில் அவித்து, உள்ளே கறுக்கும்வரை பல நாள் வெயிலில் காயப்போட்டு அவளே செய்தாளாம். பாஸ்மதியின் விலை எட்டாதபோது கீரிச்சம்பாவில் ஆக்குவாளாம்; அது குழையாதிருக்க நீரின் அளவைப் பலமுறை தவறிய பின்னரே கண்டுபிடித்தாளாம். 2022 இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் இவையெல்லாம் விறகடுப்புக்கு மாறின.

அவள் குவைத்தில் ஒரே வீட்டில் பதினொரு ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்தவள். அவ்வீட்டு மூதாட்டியிடம் மச்புஸ் கற்றாள். உடன் வேலைசெய்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் வினாகிரியில் வேகும் அடோபோக் கோழி. கேரளத்துச் சாரதியின் மனைவியிடம் பத்திரி. ஒரு சமையலறைக்குள் மூன்று நாடுகள்! எதற்கும் குறிப்பேடு இல்லை, எல்லாம் கைப்பழக்கம். "மச்சான், இதெல்லாம் பேப்பரில போடுற விசயமா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். 1970களின் எண்ணெய் விலையேற்றத்தின் பின் வளைகுடாவுக்குப் புறப்பட்ட நம் பெண்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் அவர்கள் ஒன்றில் அந்நியச் செலாவணி, அல்லது அவலம். மூதூர் ரிசானா நபீக் 2013 ஜனவரியில் சவூதியில் தலை துண்டிக்கப்பட்டபோது எழுதியவர்களில் நானும் ஒருவன். எழுதியது தவறன்று, எழுதாமல் இருந்திருந்தால் அதுவே குற்றம். ஆனால் திரும்பி வந்த ஒருத்தியிடமேனும், அங்கே என்ன கற்றாய் என்று நான் கேட்டதில்லை.

அரசும் கேட்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்குச் செல்லலாகாது என்று 2013 இல் விதித்தார்கள். 2022 இல் அதை இரண்டு வயதாகத் தளர்த்தினார்கள். யார் போகலாம் என்பதிலேயே விவாதம் நின்றுவிட்டது. இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மந்தி, கப்ஸா என்று பெயர்ப்பலகைகள் ஒளிர்கின்றன. அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சோற்றை அறபு வீடுகளில் நாள்தோறும் ஆக்கியவர்களோ வீட்டிலிருந்து இடியப்பம் விற்கிறார்கள். (இடியப்பம் விற்பதில் இழிவில்லை, வேறு வழி இல்லாமையே இழிவு.)

இதற்கு வழி இருக்கிறது. நம் நாட்டின் தேசிய தொழிற்தகைமை முறையில், பாடநெறி எதையும் பயிலாமலேயே முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெற இடமுண்டு. சமையற்காரருக்கும் அது பொருந்தும். பிரதேச செயலகங்கள் இதனை ஊர்ப் பெண்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லி, மதிப்பீட்டாளரை இங்கேயே வரவழைத்தால் என்ன? கையில் ஒரு தாள் இருந்தால் வங்கியில் கடன் கேட்கலாம், சம்பளத்தைப் பேசி வாங்கலாம். என் மச்சிக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அண்மையில்தான் தெரியவந்தது.

புறப்படும்போது அடுக்களையில் ஒரு சிறு சட்டி தனியாக மூடியிருந்தது. பாண்டிருப்பிலுள்ள ஒரு தமிழ்ப் பெண்ணுக்காம். அவளும் குவைத்தில் இருந்தவள். நாங்கள் உண்டது மாட்டிறைச்சி என்பதால் அவளுக்குக் கோழியில், வேறு சட்டியில், வேறு கரண்டியால் ஆக்கியிருந்தாள். சட்டியைக் கொண்டுபோன பையன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பி வந்து சொன்னான்:

"லூமி ஒண்டு கூடிப்போச்சாம், உம்மா."

நான் ஒன்றும் குறை காணாமல் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றிருந்தேன்.