பாலர் விளையாட்டும் பெற்றோரும்

கல்லூரி விழா மலரொன்றிலே மூன்று வயதுப் பிள்ளையின் விளையாட்டைப் பற்றி நாம் எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயின், மாணவரொருவர் பாடசாலை வாயிலை அடையுமுன் ஐந்து ஆண்டுகள் வீட்டிலே கழிந்துவிடுகின்றன. அவ்வாண்டுகளிலே பெற்றதும் பெறாததும் அவருடன் கூடவே வகுப்பறைக்குள் வந்து அமர்கின்றன. இதனைக் கீழ்வகுப்பு ஆசிரியர் நன்கறிவர். பெற்றோரும் ஓரளவு அறிவர். ஆனால் அவர்கள் தேடும் பரிகாரமே நோயாகிவிடுவதைக் கண்டு இதனை எழுதலானோம்.

எமது பழைய மாணவர் சிலர் இன்று தம்புள்ளையிலே தொழில் புரிந்து வருகின்றனர். மாத்தளைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், யாழ்ப்பாண வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் ஊர் அது. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த எம் முன்னோர், பிள்ளைகளை இடுப்பிலே சுமந்தவாறு அவ்வூரைக் கடந்தே மாத்தளை வந்து சேர்ந்தனர். 1999ஆம் ஆண்டு அங்கே பொருளாதார மத்திய நிலையம் தோன்றியபின் இரவும் பகலாயிற்று. லொறிகள் இரவிலே வருகின்றன. மரக்கறி மூட்டைகள் விடியுமுன் கைமாறுகின்றன. இரவெல்லாம் விழித்த தந்தை பகலிலே உறங்கவேண்டும். தாய்க்கோ அடுப்பு வேலையும் கடை வேலையும். இந்நிலையில் அரவஞ்செய்யும் பிள்ளையின் கையிலே கைத்தொலைபேசி கொடுக்கப்படுகிறது, வீடு அமைதியடைகிறது. அவ்வமைதிக்கு நாம் கொடுக்கும் விலை யாது?

தம்புள்ளையிலே அவ்விலை சற்று அதிகமே. அங்கு தெருவிலே சிங்களம், சந்தையிலே சிங்களம், அயல் முற்றத்துப் பிள்ளையின் வாயிலும் சிங்களம். அம்மொழியைத் தமிழ்ப் பிள்ளை இளமையிலேயே கற்றுக்கொள்வது பெரும் பேறு. அதனை நாம் ஒருபோதும் குறைகூறோம். ஆயின் தமிழ் விளைவதற்கு அப்பிள்ளைக்குள்ள நிலம் வீடொன்றே. அங்கும் பேச்சு ஒழிந்துவிட்டால் வேறெங்கே போவது? திரையிலே ஓடும் படம் தமிழ் பேசலாம், பாட்டும் பாடலாம். ஆனால் பிள்ளை “அது என்ன?” என்று விரலை நீட்டும்போது அது திரும்பிப் பார்ப்பதில்லை. சொல்லைக் கேட்டமாத்திரத்தில் பிள்ளை மொழியைப் பெறுவதில்லை. தான் ஒன்று சொல்ல மற்றொருவர் மறுமொழி கூற, அதற்குத் தான் மீண்டும் கூற, இவ்வாறு மாறிமாறி நிகழும் போதே பெறுகின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிலே, 2 வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரை வேண்டாமென்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாதென்றும், நடக்கத் தொடங்கிய பிள்ளை நாளிலே 180 நிமிடங்களாவது ஓடியாட வேண்டுமென்றும் விதந்துரைத்தது. சந்தையை அண்டிய ஒற்றையறை வீடுகளிலே இக்கணக்கு எத்துணை தலைகீழாய் நிற்கிறது என்பதை அங்கு வாழும் அன்பர்களே அறிவர்.

நிற்க. தொலைபேசியை வெறுக்கும் பெற்றோர் நாடும் மற்றொரு பரிகாரம் பென்சில். இரண்டரை வயதிலே எழுத்து, மூன்று வயதிலே கூட்டற் கணக்கு, நான்கு வயதிலே தனி வகுப்பு. இவை யாவற்றுக்கும் பின்னாலே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் நிழல் நீண்டு கிடக்கிறது. கேட்டால், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கின்றனர். முதுமொழி ஐந்தைச் சொல்லிற்றேயன்றி இரண்டரையைச் சொல்லவில்லை. விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே எழுதுவித்தல் மங்கலம். மறுநாள் முதல் கொப்பியிலே அதே எழுத்தை நூறு முறை எழுதுவித்தல் எவ்வகையிலும் மங்கலமன்று.

இன்று எமது நாட்டிலே முன்பள்ளி என்றாலே ‘மொண்டிசோரி’ என்னும் பெயராயிற்று. அப்பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிலே தமது முதற் பாலர் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் பிள்ளைகளிடம் முதலிலே கொடுத்தது பென்சிலையன்று. மேசை துடைத்தல், பொத்தான் பூட்டுதல், நீர் ஊற்றுதல், கட்டைகளை அளவு பார்த்து அடுக்குதல் என்பனவற்றையே கொடுத்தார். கையும் கண்ணும் இவ்வாறு பக்குவப்பட்டபின் எழுத்து எளிதில் வந்தது. பெயர்ப்பலகையிலே அவர் பெயரைப் பொறித்துவிட்டு, உள்ளே பிள்ளைகளை வரிசையாய் இருத்திப் பார்த்தெழுத வைத்தல் அப்பெருமாட்டிக்குச் செய்யும் மரியாதையாகுமா?

இஃது ஐரோப்பாவிலிருந்து நாம் இரவல் வாங்க வேண்டிய அறிவுமன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையை எமது மாணவர் பரீட்சைக்காகப் படிப்பர். அதன் பத்துப் பருவங்களும் மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களிலே வகுக்கப்பட்டிருப்பதை எத்தனை பேர் ஊன்றிப் பார்த்தனர்? ஐந்தாம் மாதத்திலே தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதத்திலே கை கொட்டும் சப்பாணி. நடை பயிலும் வருகை. நிலவைக் கூட விளையாட அழைக்கும் அம்புலி. பின்னர் ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிற்றில், சிறுபறை, சிறுதேர். பிள்ளையின் உடலும் உள்ளமும் வளரும் ஒழுங்கை எம் புலவர் விளையாட்டைக் கொண்டே அளந்தனர். பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இன்று சுகாதாரத் திணைக்களம் தரும் வளர்ச்சிப் பதிவேட்டிலும் ஏறத்தாழ இதே ஒழுங்கைக் காணலாம். பெற்றோரோ அதிலே நிறைக்கோட்டை மாத்திரம் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றனர்.

ஆதலின் வீட்டிலே செய்யத்தக்கது யாது? பெரும் பொருள் வேண்டுவதில்லை. மாத்தளை மாவட்டத்தின் பெரிய வெங்காயம் தம்புள்ளை வீடுகளுக்குப் புதிதன்று. தாய் சமைக்கும்போது பத்து வெங்காயத்தைப் பிள்ளை முன்னே வைத்துப் பெரியன, சிறியன என்று பிரிக்கச் சொல்லலாம். பிரித்தல், அடுக்குதல், ஒன்றுக்கொன்று ஒப்பிடுதல் ஆகிய இவையே கணிதத்தின் வித்து; இலக்கங்களை மனனஞ் செய்தல் அதன் ஓடு மாத்திரமே. சிரட்டையிலே மணல் அள்ளி ஊற்றும் பிள்ளை கொள்ளளவைக் கற்கிறது. ரொட்டிக்குப் பிசைந்த மாவிலே ஓர் உருண்டை பெறும் பிள்ளையின் விரல்கள் பென்சிலுக்கு ஆயத்தமாகின்றன. தீப்பெட்டியிலே நூல் கட்டி இழுத்து, அதனை லொறியென்று கூறி, வெங்காயத் தோலை மூட்டையாக ஏற்றி, “கொழும்புக்குப் போகிறது” என்று சொல்லும் நான்கு வயதுப் பிள்ளை, இல்லாததை இருப்பதாகக் கொண்டு பேசும் பெருந்திறனைப் பழகுகின்றது. அந்நேரம் அருகிலிருக்கும் பெரியவர், “லொறியிலே என்ன ஏற்றியிருக்கிறீர் முதலாளி? வாடகை எவ்வளவு?” என்று கேட்பாராயின் அதனினும் சிறந்த தமிழ்ப் பாடம் வேறில்லை. சிறுதேர் லொறியானதிலே எமக்கு வருத்தம் சிறிதுமில்லை.

பாட்டிமார் அறிந்த பல்லாங்குழியும் உண்டு. சித்திரைப் புத்தாண்டிலே சிங்கள அயலவர் ஆடும் ஒலிந்த கெலியவும் அதற்கு உடன்பிறப்பே. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பலகையில் அமரலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அவ்வாட்டத்துக்குப் பெயர் தந்த ஒலிந்த விதை, நாம் குன்றிமணி என்பது, கடித்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்தான நஞ்சு. மூன்று வயது நிரம்பாத பிள்ளையிடம் புளியங்கொட்டையும் தகாது, மூச்சுக்குழலிலே சிக்கும்.

உழைப்போருக்கு இவற்றுக்கெல்லாம் நேரமேது என்பர். நியாயமான வினாவே. இதற்கு விடையாக ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்ரன் நகரிலே 1986–87இல் தொடங்கிய ஒரு முயற்சியைக் கூறுவோம். வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை அங்கு ஆய்வாளர் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் ஒரு சாராரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் இரண்டாண்டுகள் வாரம் ஒரு மணித்தியாலம் சென்று, வீட்டிலே கிடைத்த பொருள்களாற் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு எவ்வாறு பிள்ளையுடன் விளையாடிப் பேசுவதென்று தாய்மாருக்குக் காட்டினார். அப்பிள்ளைகள் 22 வயதடைந்தபோது, அப்பேறு பெறாதாரினும் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 25 அதிகம் உழைத்தனரென 2014இல் அறிக்கை வெளிவந்தது. மேலதிக உணவு மாத்திரம் பெற்றோரிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. உணவு வேண்டாமென்று இதற்குப் பொருள் கொள்ளற்க. எமது தோட்டப்புறத்திலே 2016ஆம் ஆண்டு அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமற்றிருந்தனர். நாடு முழுவதற்கும் அது 17. உணவுடன் விளையாட்டும் வேண்டுமென்பதே கருத்து.

விழாக் காலங்களிலே பழைய மாணவர் மனமுவந்து பணம் அளிப்பர். வழமையாக அது வாயில் வளைவாகவும் மண்டப விரிவாகவும் உருப்பெறும், அவையும் வேண்டியனவே. அதனுடன், தம்புள்ளைச் சந்தையை அண்டி வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே வாரமொருமுறை வீடுவீடாகச் செல்ல, பயிற்சி பெற்ற ஒரு மாதுக்குச் சம்பளம் வழங்கச் சங்கம் முன்வருமாயின் நன்று. ஓராண்டு முயன்று பார்க்கலாம். அவர் பையிலே வேண்டுவன அதிகமில்லை: இழைத்த மரக்கட்டைகள் இருபது, துணிப்பாவை ஒன்று, மூடியுடன் கூடிய வெற்று டப்பாக்கள் சில, தடித்த தாளிலே ஒட்டிய படங்கள். மரக்கட்டைகளைத் தச்சுத்தொழில் புரியும் அன்பர் எவரேனும் செய்து தரலாம். துணிப்பாவைக்கு வேண்டிய துண்டுத் துணி எம்மவர் கடைகளிலே வேண்டியமட்டும் கிடக்கிறது.