நாய்க்கு என்னத்துக்கு விளையாட்டுச் சாமான்?

"நாய்க்கும் விளையாட்டுச் சாமானோ? கண்டறியாத வேலை." எங்கட வீடுகளில் இதைக் கேட்காமல் ஒருவரும் ஒரு இறப்பர் எலும்பு வாங்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. சொல்லுகிறவை சொல்லட்டும். ஆனால் அதே வீட்டில் நாய் விளையாடாமலா இருக்கு? அப்பாவின்ர செருப்பு, வேலியடியில் கிடக்கிற பொச்சு, மென்பந்து கிறிக்கெட்டில் அடிபட்டு மயிர் கொட்டின ரெனிஸ் பந்து, கிழிந்த சாரத்தை முறுக்கிக் கட்டின முடிச்சு எல்லாம் விளையாட்டுச் சாமான்தான். காசு குடுத்து வாங்காததால் நாங்கள் அவற்றைச் சாமானாக மதிப்பதில்லை. என்ன நிலையில் கிடக்கின்றன என்று திரும்பிப் பார்ப்பதுமில்லை. எங்கட சண்டை இந்தப் பாராமுகத்தோடுதான்.

அந்தச் சாரத்து முடிச்சு எங்களில் ஒருவரின் வீட்டில் நடந்த கதை. நூல் நூலாகப் பிரிந்தபிறகும் நாய்க்கு அதில்தான் உயிர். பிறகு சத்தி எடுக்கத் தொடங்கியது. புல்லுத் திண்டிருக்கும், நாளைக்குச் சரிவரும் என்று இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் மிருக வைத்தியர் வயிற்றைத் திறந்துதான் நூலை எடுத்தார். தப்பியது அருந்தப்பு.

நூல் ஏன் இவ்வளவு பொல்லாதது? ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும், மிச்சம் குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும்போது, நாடா இழுத்த பாவாடை மாதிரித் தானே சுருங்கிக்கொள்ளும். இறுகின நூல் குடலை அறுத்தும் விடலாம். எக்ஸ்றேயில் துணியும் நூலும் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தெரிந்தால் தயவுசெய்து இழுக்க வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கோ. பொச்சுத் தும்பும் இதே சாதிதான்.

ரெனிஸ் பந்தை எறிந்து பிடிக்க விடுவதில் எங்களுக்குப் பெரிய மறுப்பில்லை. படுத்துக்கிடந்து சப்ப விடுவதுதான் பிழை. அந்த மயிரில் மணல் ஒட்டினால் பல்லுக்கு அரம் போட்ட மாதிரி. பெரிய நாய் பந்தை நசுக்கித் தொண்டைக்குள் சிக்க வைத்துக்கொள்ளவும் கூடும். பந்து வாய்க்குள் முழுதாகப் போகிற அளவென்றால் அது அந்த நாய்க்குரிய பந்தில்லை. ஒரேயொரு துளை உள்ள இறப்பர் பந்தும் வேண்டாம், உள்ளே காற்று இழுபட்டு நாக்கு மாட்டும்.

கடையில் வாங்குவதென்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கோ, கொஞ்சமாவது பதிய வேண்டும். முழங்காலில் தட்டி நொந்தால் பல்லும் உடையும். குட்டிக்கு இருக்கிறது 28 பாற்பல், அதுக்கு இன்னும் மெதுவானது வேணும். சமைத்த எலும்பைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, அது சிராய் சிராயாக உடையும்.

வாங்கிறதை விடக் கழிக்கிறதுதான் எங்களுக்குக் கஷ்டம். "பாவம், அதுக்கு விருப்பமான சாமான்" என்று அம்மம்மா ஊசிநூலோடு வந்து குந்திவிடுவா. தைத்ததை நாய் ஒரு நிமிசத்தில் பிரித்துவிடும், தின்ன இன்னும் கொஞ்சம் நூல் சேர்ந்ததுதான் மிச்சம். பஞ்சு வெளியே வந்தாலோ, கீச்சிடுகிற குப்பி எட்டிப் பார்த்தாலோ, இறப்பரில் வெடிப்பு விழுந்தாலோ அண்டைக்கே எறிய வேண்டும். ஒரு துண்டு குறைந்தால் வீடு முழுக்கத் தேடுங்கோ. அங்கே இல்லையென்றால் அது வயிற்றில்.

விலை எங்களுக்கும் தெரியும். 2022க்குப் பிறகு இறக்குமதிச் சாமானில் கை வைக்கவே பயம். மலிவான அஞ்சு பொம்மைக்குப் பதிலாகத் தடிச்ச இறப்பர் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால், ஒட்டுநாடாவும் கம்பியும் கழற்றின வெறும் அட்டைப்பெட்டிக்குள் பாண் துண்டைப் போட்டு மூடிக் குடுங்கோ. அட்டையைத் தின்னாமல் பக்கத்தில் நின்று பார்க்க வேணும், அவ்வளவுதான்.

அந்த வீட்டு நாய் இப்ப பெட்டிதான் கிழிக்குது. முற்றம் கூட்டுகிற அம்மம்மாதான் எங்களைத் திட்டுறா.