ஒரு டன் ஃபோர்க்கும் மூணு மூட்டை டிராக்டரும்

போன தடவை கிரிக்கெட், அதுக்கு முந்தி ஹாஸ்டல் சாம்பார், இந்தத் தடவை டிராக்டரா என்று நம்ம வகுப்பு மக்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள். ஏனென்றால் இது டிராக்டர் பற்றிய விஷயம் மட்டும் இல்லை, பி.காம். படிக்கிற நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதிவிட்டு வீட்டில் மறந்துவிடுகிற ஒரு விஷயம்.

பொள்ளாச்சிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு சின்ன நார்க்கழிவுக் களம் இருக்கிறது. தேங்காய் நார் எடுத்தது போக மிச்சமாகும் தூளைக் காயவைத்து, அழுத்தி, 5 கிலோ பிளாக்குகளாக்கி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுப்பார். அங்கே 27 ஹெச்.பி. மினி டிராக்டர் ஒன்று, அதன் முன்னால் லோடர். இதுவரை பக்கெட் மாட்டித் தூள் அள்ளிக்கொண்டிருந்தது. இப்போது பிளாக்குகளை மர பேலட்டில் அடுக்கித் தூக்க ஃபோர்க் வேண்டும் என்று முடிவு செய்தார். நல்ல முடிவு. குனிந்து குனிந்து சுமக்கிறவர்களின் முதுகுக்கும் நல்லது.

வாங்கப் போன இடத்தில்தான் வினை. விற்றவர் ஃபோர்க் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "ஒரு டன் தாங்குமுங்க, நாலடி நீளம், பேரன் காலத்துக்கும் வரும்" என்றார். பெரியப்பாவும் தட்டிப் பார்த்தார், "நல்லா கனமா இருக்குது கண்ணு" என்று என்னிடம் சொன்னார், வாங்கிவிட்டார். ரெண்டாவது நாளே பாதி பேலட்டைத் தூக்கும்போது டிராக்டரின் பின் சக்கரம் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஓட்டுகிற அண்ணன் பதறாமல் லோடரை உடனே இறக்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் களத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வாதம் இதுதான்: சின்ன டிராக்டருக்குக் கனமான, நீளமான ஃபோர்க் வாங்குவது கெட்டித்தனம் இல்லை. காசு கொடுத்துத் தூக்கும் திறனைக் குறைத்துக்கொள்வது. அதோடு, அடுத்தவன் உயிரைப் பணயம் வைப்பது.

முதலில் அந்த ஸ்டிக்கர். ஃபோர்க்கில் எழுதியிருக்கும் எடை ஃபோர்க் தாங்குகிற எடை. டிராக்டர் தூக்குகிற எடை இல்லை. ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2328 தரத்தில் ஃபோர்க்குகளை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். 999 கிலோ வரை முதல் வகுப்பு, 1000 முதல் 2500 கிலோ வரை இரண்டாம் வகுப்பு. இந்த இரண்டாம் வகுப்பு ஃபோர்க்கை ஒரு சைக்கிளில் கட்டினால் சைக்கிள் ரெண்டு டன் தூக்குமா? அதே கதைதான்.

ரெண்டாவது, லோடரின் கேட்லாக் எண். அது பெரும்பாலும் பூம் முனையில், பக்கெட்டை மாட்டும் முளையில் அளந்தது. ஆனால் எந்த பேலட்டும் முளையில் தொங்குவதில்லை, அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் போகப் போக எடை கூடின மாதிரிதான், எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடம். அமெரிக்காவில் விற்கும் சின்ன டிராக்டர்களின் லோடர் அட்டவணைகளில் பல கம்பெனிகள் முளையில் ஓர் எண், அதிலிருந்து 500 மி.மீ. முன்னால் ஓர் எண் என்று ரெண்டையும் போடுகின்றன. நம்ம ஊர்ப் பட்டறையில் அந்த ரெண்டாவது எண்ணைக் கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள் :-)

சரி, நாமே கணக்குப் போடுவோம். எல்லாம் தோராயம்தான், ஆனால் பாதை சரி.

லோடர் முளையில் 450 கிலோ தூக்கும் என்று வையுங்கள். பூம் சுழலும் இடத்திலிருந்து முளை வரை 1.5 மீட்டர். ரெண்டையும் பெருக்கினால் 675. இதுதான் நம் மூலதனம். இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

1200 மி.மீ. நீள பேலட்டின் நடுப்புள்ளி, சட்டத்தின் தடிமனையும் சேர்த்தால், முளையிலிருந்து சுமார் 75 செ.மீ. தள்ளி வரும். ஆக தூரம் 2.25 மீட்டர். 675-ஐ 2.25-ஆல் வகுத்தால் 300 கிலோ. ஃபோர்க்குக்கு எடையே இல்லை என்றால் கூட இவ்வளவுதான்!

இப்போது பெரியப்பா வாங்கிய சாமான். 100 மி.மீ. அகலம், 40 மி.மீ. தடிமன், நாலடி நீளம். இரும்பின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் நிமிர்ந்த பகுதியோடு சேர்த்து ஒரு கரம் 55 கிலோ பக்கம். ரெண்டு கரம் 110, சட்டம் 70, மொத்தம் 180 கிலோ. அதன் நடுப்புள்ளி முளைக்கு 40 செ.மீ. முன்னால். 180 பெருக்கல் 1.9, 342. பாதி மூலதனம் காலி! மிச்சம் 333. அதை 2.25-ஆல் வகுத்தால் 148 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை மூணு கூட முழுசாக இல்லை. மர பேலட்டுக்கு 20 கிலோ கழித்தால் 25 பிளாக்.

அதே இடத்தில் மூன்றடி நீளம், 80 மி.மீ. அகலம், 30 மி.மீ. தடிமன் கரங்களை எடுங்கள். ரெண்டும் சேர்ந்து 50 கிலோ, சட்டம் 40, மொத்தம் 90. நடுப்புள்ளி 35 செ.மீ. முன்னால். 90 பெருக்கல் 1.85, சுமார் 167. மிச்சம் 508. அதை வகுத்தால் 226 கிலோ. பேலட் போக 40 பிளாக் தாராளமாக.

ஒரு டன்னுக்கு 200 பிளாக். லேசான ஃபோர்க்கில் 5 நடை, கனமான ஃபோர்க்கில் 8 நடை. பத்து டன்னுக்கு 50 நடையா, 80 நடையா? டீசல், டயர், கிளட்ச், அண்ணனுடைய நேரம் எல்லாமே அந்த முப்பது நடையில் கரைகிறது. ஃபோர்க் வாங்கியது ஒரு தடவை மூலதனச் செலவு. இந்த முப்பது நடை ஒவ்வொரு பத்து டன்னுக்கும் வரும் வருவாய்ச் செலவு. ரெண்டாம் செமஸ்டரில் இதைப் பத்து மார்க்குக்கு எழுதினோமே மக்களே, ஞாபகம் இருக்கா?

"லேசானது வளைஞ்சிடாதா?" என்பது அடுத்த கேள்வி. மெக்கானிக்கல் படிக்கும் நண்பனிடம் கேட்டேன். 250 கிலோவை ரெண்டு கரமும் பாதிப் பாதி பங்கு போட்டால், அந்த 30 மி.மீ. கரத்தின் வளைவில் வரும் அழுத்தம் சாதாரண இரும்பு வளையத் தொடங்கும் அளவில் சுமார் நான்கில் ஒரு பங்குதானாம். குழியில் விழுந்து எழுந்தால் கூட மிச்சம் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது தடிமனைப் பற்றி அல்ல, செய்முறையைப் பற்றி. நல்ல கரம் ஒரே இரும்பை வளைத்துச் செய்தது. தகட்டை வெட்டி மூலையில் வெல்டிங் வைத்தது என்றால், சுமை அதிகம் விழும் இடமும் அந்த மூலையேதான். தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். தடிமனில் பத்து சதவீதம் தேய்ந்தால் பலத்தில் சுமார் இருபது சதவீதம் போய்விடும், ஏனென்றால் பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது.

"நீளமா இருந்தாத்தானே பேலட் முழுக்க உள்ள போகும்?" அவசியமில்லை. சுமையின் நீளத்தில் மூன்றில் ரெண்டு பங்கு ஃபோர்க் இருந்தால் போதும் என்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களின் பழைய விதி. 1200 மி.மீ. பேலட்டுக்கு 800 மி.மீ. போதும். மூன்றடி என்றால் 915 மி.மீ. வந்துவிடுகிறது. நாலடிக் கரத்தைச் சின்ன பேலட்டில் விட்டால் நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டு அடுத்த அடுக்கைக் குத்தும்.

சில பேர் இன்னும் மலிவாக, பக்கெட்டின் உதட்டிலேயே திருகி மாட்டும் ஃபோர்க்கைச் சொல்வார்கள். பக்கெட்டின் எடையும் கூடவே வரும், சுமை இன்னும் அரை மீட்டர் முன்னால் தள்ளிப்போகும். அதே கணக்கில் போட்டால் 130 கிலோவைத்தான் தொடுகிறது. பக்கெட் உதடு வளைவது இலவச இணைப்பு.

இனி பணத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முன்னால் எடை ஏறினால் முன் அச்சு தராசு முள் மாதிரி ஆகிவிடும். சக்கர இடைவெளி 1.6 மீட்டர், சுமை முன் அச்சுக்கு 1.4 மீட்டர் முன்னால் என்றால், ஃபோர்க்கும் சுமையும் சேர்ந்து 300 கிலோ இருந்தாலே பின் அச்சில் 260 கிலோ குறைந்துவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் இருப்பது பின் சக்கரத்தில் மட்டும்தான். பின் சக்கரம் லேசானால் பிரேக்கும் லேசு. போதாததற்கு முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடும். பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது முக்கியமாகப் பின் சக்கரங்கள்தான். அதையும் தூக்கிவிட்டால்?

இன்னொன்று. நம்ம ஊர் லோடர்கள் பலவற்றில் பூம் மேலே போகும்போது ஃபோர்க் தானாக மட்டமாக நிற்காது, ஓட்டுகிறவர் பக்கம் சாயும். கவனிக்காமல் லாரி உயரத்துக்குத் தூக்கினால் மேல் அடுக்கு பிளாக்குகள் பூம் வழியாக உருண்டு சீட்டுக்கே வரும். பல மினி டிராக்டர்களில் தலைக்கு மேல் ஒரு வளைவுக் கம்பி கூட இல்லை. கவிழ்ந்தால் காப்பாற்றும் அந்தச் சட்டத்தைப் புது டிராக்டர்களில் கட்டாயம் ஆக்கி 1959-லேயே சட்டம் போட்ட நாடு ஸ்வீடன்.

என் கோபம் இங்கேதான். ஃபோர்க்கைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒருவர், சீட்டில் உட்காருகிறவர் இன்னொருவர். "கனமா இருக்குது" என்ற திருப்தி முதலாளிக்கு. பின் சக்கரம் கிளம்பும் அந்த ஒரு நொடி நாள் கூலிக்கு வருகிற அண்ணனுக்கு. அவரை யாரும் கடைக்குக் கூட்டிப் போகவில்லை, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. "ஒண்ணும் ஆகல இல்ல?" என்று எல்லோரும் சிரித்தார்களே, ஆகியிருந்தால் அந்த வாக்கியத்தை யாரிடம் சொல்லியிருப்பார்கள்?

"பக்கத்துக் களத்துல மூணு வருஷமா இதே மாதிரிதான் தூக்கறாங்க, ஒண்ணும் ஆகல" என்கிறார் பெரியப்பா. மூணு வருஷம் இன்சூரன்ஸ் கட்டாமல் வண்டி ஓட்டியவனும் இதையேதான் சொல்வான்.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்கு என் கட்சி இது. கடையில் எத்தனை டன் தாங்கும் என்று கேட்காதீர்கள், இதன் எடை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லையா, எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். மூன்றடி போதும். சட்டம் வழியாக முன்னால் தெரிய வேண்டும், கரங்களின் இடைவெளியை மாற்றிப் பூட்ட முடிய வேண்டும். மிச்சமாகும் காசில் பின்னால் மூன்று முனை லிங்க்கில் மாட்ட ஒரு கான்கிரீட் கட்டை வார்த்துக்கொள்ளுங்கள். 200 கிலோ கட்டையைப் பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால் பின் அச்சில் 300 கிலோ கூடும், முன் அச்சில் 100 கிலோ குறையும். சுமையோடு ஓடும்போது ஃபோர்க் முழங்காலுக்குக் கீழே. லாரியில் ஏற்றத் தேவையில்லை, களத்துக்குள் நகர்த்தினால் போதும் என்றால் பின்பக்க லிங்க்கில் மாட்டும் ஃபோர்க்கையே பாருங்கள். சின்ன டிராக்டர்களில் பின்பக்க லிஃப்ட் பொதுவாக லோடரை விட அதிகம் தூக்கும். ஆனால் அதற்கு முன்பக்கம் எடை கட்ட வேண்டும்.

ஏற்றுமதிக்குப் போகும் ஒரு டன் முழு பேலட்டைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால், அது மினி டிராக்டர் வேலையே இல்லை. அன்றைக்கு மட்டும் ஃபோர்க்லிஃப்டை வாடகைக்கு எடுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது.

பெரியப்பாவிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "காலேஜுக்குப் போய் எனக்கே பாடம் எடுக்கிறயா கண்ணு" என்றார். ஃபோர்க்கை இன்னும் மாற்றவில்லை, "போட்ட காசு என்ன ஆகறது" என்கிறார். போட்ட காசு போட்டதுதான் பெரியப்பா, அது எந்த முடிவிலும் திரும்பி வராது. ஆனால் நேற்று போன் பண்ணியபோது, கான்கிரீட் கட்டைக்கு அச்சுப் பலகை அடித்துக்கொண்டிருப்பதாக அண்ணன் சொன்னார். யார் சொல்லி என்று கேட்டேன்.

"உங்க பெரியப்பாதான் தம்பி, காலைல ஒரு தாளை வச்சுக்கிட்டு நின்னாரு" என்றார்.

பி.கு.: டேப்பை எடுத்து உங்கள் வண்டியை அளந்து, என் எண்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விடை மாறும். ஆனால் 'ஒரு டன்' வராது.